வாழ்த்து மடலில் நாம் எழுத வேண்டிய இரண்டு வரி

(தீபாவளிக்கு முன்னர் ஆலய மண்டபத்தில் சமய வகுப்பு மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரை)



சமய வகுப்புப் பிள்ளைகள் இவ்வாண்டு தங்கள் கையாலேயே தீபாவளி வாழ்த்து அட்டை செய்து அனுப்பப் போகிறார்கள். அதில் என்ன எழுதலாம் என்று சொல்லுங்கள் எனக் குழுவினர் பணித்தனர். நான் சொற்பொழிவாளன் அல்லன். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டப் பள்ளியில் ஆறாண்டு தமிழ் பயின்று, இன்று புத்ராஜெயாவில் கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் அரசு ஊழியன். அலுவலகக் கடிதத்தில் எழுதுபவனின் முகம் தெரியலாகாது. அது நிர்வாக இலக்கணம். அதே பழக்கத்தில் பல ஆண்டுகள் என் வாழ்த்து அட்டைகளையும் கையொப்பம் மட்டும் இட்டு அனுப்பி வந்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அச்சிட்ட வாழ்த்து அட்டை பிறந்ததே நேரமின்மையால்தான். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னி அஞ்சல் முறை வந்தபின் கடிதங்கள் பெருகின. இலண்டனில் ஹென்றி கோல் என்பவர், அவரும் ஓர் அரசு ஊழியரே, நண்பர்கள் அனைவர்க்கும் தனித்தனியே எழுத இயலாமல், 1843இல் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு கிறிஸ்துமஸ் அட்டை ஒன்றை அச்சிடச் செய்தார். அதில் பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் மட்டுமே இடம் விடப்பட்டிருந்தது. மற்றதெல்லாம் அச்சு. அந்த வழக்கந்தான் தமிழகத்தில் கரும்பும் பானையும் திரை நட்சத்திரங்களும் பொலியும் பொங்கல் வாழ்த்தாக மாறியது. இந்நாட்டில் தீபாவளி அட்டையாகவும் ஹரி ராயா அட்டையாகவும் தழைத்தது.

நான் சிறுவனாய் இருந்தபோது, தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் அட்டைகள் வரிசை வரிசையாய்த் தொங்கும். வந்த அட்டைகளை நூலில் கோத்து வீட்டு முன்கூடத்தில் தோரணமாகக் கட்டுவோம். எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதில் பிள்ளைகளுக்குள் போட்டி! இன்று புலனம் வழியே விடியற்காலையில் ஒரே விளக்குப் படம் பதினொருவரிடமிருந்து வந்து சேர்கிறது. அதைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. பன்னிரண்டாவதாக அனுப்பியவன் நான்.

ஐந்தாம் வகுப்பில் எங்கள் ஆசிரியை ஒரு சோதனை வைப்பார். எழுதிய மடலின் மேலே உள்ள பெயரை அழித்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரர் பெயரை எழுதச் சொல்வார். மடல் அப்போதும் பொருந்தினால் தாளைத் திருப்பித் தந்துவிடுவார். ‘இல்லத்தில் இன்பம் பொங்குக’ என்பது எல்லா இல்லத்துக்கும் பொருந்தும். ‘பெரியம்மா, சென்ற ஆண்டு நெய்யுருண்டை கொடுத்தனுப்பிய டின் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, இம்முறை அதில் அம்மா சுட்ட முறுக்கை நிரப்பிக் கொண்டு வருகிறேன்’ என்பது ஒரே ஒரு பெரியம்மாவுக்குத்தான் பொருந்தும். பிள்ளைகளே, இலக்கண நயம் வேண்டியதில்லை. அந்த டின்தான் வேண்டும்.

நம்மவரல்லாத நண்பர்களுக்கும் இது பொருந்தும். 2004 முதல் 2006 வரை மூன்றாண்டுகள் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அடுத்தடுத்து வந்தன. அப்போது பணியில் புதியவனான நான், மலாய்த் தோழர்களின் அட்டைகளில் அச்சாகியிருந்த ‘மாஆஃப் ஸாஹிர் டான் பாத்தின்’ என்பதைப் பெருநாள் வாசகம் என்றே எண்ணியிருந்தேன். வெளிப்படையாகவும் உள்ளத்தளவிலும் செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும் என்பது அதன் பொருள். ஓர் அட்டையில் அதன்கீழ், முந்தைய மாதக் கூட்டத்தில் என்னிடம் உரக்கப் பேசியதற்கு வருந்துவதாக ஒரு தோழர் கைப்பட எழுதியிருந்தார். அன்றுதான் அச்சு வாசகத்துக்கும் உயிர் உண்டு என்று அறிந்தேன்.

இனி, நான் சொல்ல வந்த செய்தி. துக்கம் காக்கும் வீட்டுக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புவது நம் மரபன்று. அம்மரபு சரியானதே. ஆனால், வாழ்த்தக் கூடாது என்பதை எழுதவே கூடாது என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம். என் பள்ளித் தோழன் ஒருவனின் தம்பி சாலை விபத்தில் இறந்தான். அவ்வாண்டு அட்டை அனுப்பவில்லை. மறு ஆண்டு, என்ன சொல்லித் தொடங்குவது என்று கூச்சமாயிருந்தது. மூன்றாம் ஆண்டு கூச்சம் இன்னும் பெருகிற்று. இப்படியே ஏழாண்டு சென்றது.

பின்னர் என் தந்தையார் காலமானார். அவ்வாண்டு எங்கள் முன்கூடத்தில் தோரணமில்லை. அஞ்சல்காரர் எங்கள் வீட்டைக் கடந்து போவதை அம்மா சாளரத்தருகே நின்று பார்ப்பார். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு ஓர் உறை வந்தது. உள்ளே அட்டையில்லை, வெள்ளைத் தாள். ஐந்தாம் வகுப்பு ஆசிரியை எழுதியிருந்தார்:

‘தம்பி, இவ்வாண்டு உங்கள் வீட்டில் பலகாரம் சுட மாட்டீர்கள், ஆகவே வாழ்த்து எழுதவில்லை. மழைநாளில் உன் அப்பா உரச்சாக்கை உன்மேல் போர்த்தித் தாம் நனைந்தபடி சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். உன் புத்தகம் ஒருநாளும் நனைந்ததில்லை. தீபாவளிக்கு மறுநாள் மாலை அம்மாவைப் பார்க்க வருகிறேன்.’

அம்மா அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். சாக்குச் செய்தி அவருக்கே தெரியாது.

அக்கடிதத்தில் ஆறுதல் மொழி ஒன்றும் இல்லை என்பதைக் கவனியுங்கள். காலம் ஆற்றும் என்றோ, எல்லாம் இறைவன் செயல் என்றோ அவர் எழுதவில்லை. மறைந்தவரை நேரே குறிப்பிட்டார். தாம் கண்ட ஒன்றைச் சொன்னார். வரும் நாளைச் சொன்னார். சொன்னபடி வந்தார், கையில் வாழைப்பழச் சீப்புடன்.

அந்த வாரமே என் தோழனுக்கு எழுதினேன். அவன் தம்பி எங்கள் காற்பந்தைச் சாக்கடையிலிருந்து எடுத்துத் தருவதற்குப் பத்துக் காசு வாங்குவான் என்பதை எழுதினேன். மூன்று வாரம் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகி, லயத்து மக்கள் எப்போதோ குடிபெயர்ந்துவிட்டனர். அவ்வுறை இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

பிள்ளைகளே, மண்டபத்தின் பின்புறம் வண்ண அட்டைகளோடு வெள்ளைத் தாள்களும் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் உறவிலோ, வகுப்பிலோ, அடுக்குமாடியிலோ இவ்வாண்டு துக்கம் காக்கும் வீடு இருந்தால், முதலில் வெள்ளைத் தாளை எடுங்கள். சொற்கள் வராவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்தே தேடுவோம். முகவரி சரிதானா என்று பெற்றோர் இன்றே விசாரித்துவிடுங்கள்.