சின்ன எஞ்சினுக்கு என்ன ஊற்றுவது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பெரிய விஷயங்களைப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். எனக்குச் சொந்த ஊர் கம்மாபுரம். ஆகவே எங்கள் பக்கத்து வயல்களில் ஓடும் பவர் டில்லர், பவர் வீடர் பற்றியே பேசுகிறேன். இயந்திரத்துக்கு மானியம் கிடைப்பது வாங்கும்போதுதான். எஞ்சின் ஜாம் ஆனால் செலவு முழுக்க விவசாயியோடது. களையெடுக்கிற நேரத்தில் நின்றுவிட்டால் அந்தப் பருவமே அடிபடும்.

"ஆயிலோட எதைக் கலந்தா நல்லது தம்பி?" என்று ஊரில் கேட்பார்கள். கலக்க வேண்டாம், நேரத்துக்கு மாற்றுங்கள் என்பதுதான் என் பதில்.

பெட்ரோல் வீடரின் 5.5 குதிரைத்திறன் எஞ்சினுக்குச் சுமார் 600 மில்லி ஆயில்தான் பிடிக்கும். பெரும்பாலும் ஆயில் பில்டரும் கிடையாது. அழுக்கெல்லாம் அந்த 600 மில்லியிலேயே சுற்றும். புது எஞ்சினில் முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணிக்கு ஒரு தடவையும் மாற்றச் சொல்வது இதனால்தான். தூசி அதிகமென்றால் இன்னும் சீக்கிரம் மாற்றணும். அளவை மேடு பள்ளத்தில் பார்க்காதீங்க, சமதளத்தில் நிறுத்திப் பாருங்க.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒன்று எளிதாகப் புரியும். பீங்கானுக்குக் களிமண்ணோடு குவார்ட்ஸ் பொடி சேர்ப்பார்கள். மோஸ் அளவில் அதன் கடினம் 7. வயல் தூசியிலும் அது உண்டு. ஏர் கிளீனரைக் கவனிக்காவிட்டால் அது ஆயிலில் கலந்து, வால்வு தேய்க்கிற கிரைண்டிங் பேஸ்ட் மாதிரி ரிங்கையும் சிலிண்டரையும் தின்றுவிடும். அதற்கு எந்த பாட்டிலிலும் மருந்து இல்லை.

தேய்மானத்தைக் குறைப்பது, கசடைக் கரைப்பது ஆகிய வேலைகளுக்கான ரசாயனங்களை ஆயில் கம்பெனியே அளவு பார்த்துச் சேர்த்திருக்கிறது. மேலே இன்னொன்றை ஊற்றினால் அந்த அளவு கெடலாம். அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற பிரபலமான கலவை மீது, ஆதாரமில்லாத விளம்பரம் என்று 1996-ல் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. 1997-ல் சமரசம் ஏற்பட்டு அந்த விளம்பரங்கள் நின்றன.

அடுத்து எரிபொருள். 2020 ஏப்ரல் முதல் நமக்குக் கிடைப்பது பி.எஸ். 6 டீசல். கந்தகம் 10 பி.பி.எம்.தான். "டீசல் வறண்டு போச்சு, கொஞ்சம் 2டி ஆயில் ஊத்து" என்பார்கள். அந்த வழவழப்பைத் தரத்துக்கு ஏற்ப ரிபைனரியிலேயே சரிசெய்து அனுப்புகிறார்கள். மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. பம்ப் பிளஞ்சருக்கு டீசல்தான் மசகு.

பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. பல சின்ன எஞ்சின்களின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் என்று இருக்கிறது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று டீலரிடம் கேளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். பெட்ரோலைத் தேவைக்கு மட்டும் வாங்குங்க. சீசன் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துடுங்க. டீசல் டில்லருக்கு நேர்மாறு. டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படியாது.

புல்வெட்டும் 2-ஸ்ட்ரோக் எஞ்சின் மட்டும் விதிவிலக்கு. அதில் 2டி ஆயிலைப் பெட்ரோலில் கலந்தே ஆகணும். லிட்டருக்கு 20 மில்லியா 40 மில்லியா என்பது வண்டியைப் பொறுத்தது. குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். கூடினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி அடையும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையேடு ஆங்கிலத்தில் அச்சாகிப் பரணில் கிடக்கிறது. அடுத்த என்.எஸ்.எஸ். முகாமில் ஆளுக்குப் பத்து வண்டி பாருங்கள். எந்த கிரேடு ஆயில், எத்தனை மில்லி, கடைசியாக மாற்றிய தேதி ஆகியவற்றைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதி வண்டியிலேயே கட்டிவிடுங்கள். படிப்பு ஊருக்குப் பயன்பட இது ஒரு சின்ன வழி.