பந்தலைப் பிரிப்பதற்கு முன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



ஓட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லி நம் செயலாளர் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். 1978 முதல் 1981 வரை நான் இங்கே படித்த காலத்தில் இந்த மைதானத்தில் என்னை ஓடிப் பார்த்தவர் யாரும் கிடையாது. ஓடி வந்தவர்களுக்கு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தவன் நான். முன்வரிசையில் என் வகுப்புத் தோழர்கள் சிரிக்கிறார்கள் பாருங்கள், அவர்களே சாட்சி. அப்போது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில் அடக்கம். மாவட்டப் போட்டி என்றால் விடியற்காலையில் பஸ் பிடித்துத் திருச்சி போக வேண்டும். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் பிரிந்தது, அடுத்த வருஷமே திரும்ப வந்து சேர்ந்தது, 2007-ல் மறுபடி தனிக்குடித்தனம் போனது. இப்போது போட்டி நம் வாசலிலேயே நடக்கிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். பெரம்பலூரில் விடியற்காலையில் நடந்தால் வழியெல்லாம் போலீஸ் வேலைக்குத் தயாராகும் பையன்களாக இருப்பார்கள். அவர்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் ஓடியாக வேண்டும். ஒருநாள் அவர்களில் ஒருவன், "ஐயா, டைம் பார்த்துச் சொல்றீங்களா?" என்று செல்போனைக் கையில் கொடுத்தான். மறுநாளும் கொடுத்தான். ஒரு மாதம் கழித்து நானும் அவர்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு அதே தூரத்துக்கு 9 நிமிஷத்துக்கு மேல் ஆகும். டீக்கடைக்காரர் மட்டும் தினமும் கேட்பார்: "என்ன சார், பென்ஷன் வரலையா? யாரைத் துரத்துறீங்க?"

அதற்குப் பிறகுதான் போட்டி ஆசை வந்தது. பக்கத்து ஊர் ஒன்றில் 10 கிலோமீட்டர் ஓட்டம். விசில் ஊதியதும் இருபத்தாறு வயசுப் பையன்களோடு நானும் பாய்ந்தேன். முதல் இரண்டு கிலோமீட்டர் பிரமாதம்! நாலாவது கிலோமீட்டரில் நெஞ்சு அடைத்தது, கண் இருட்டியது, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. ஒரு பரிசோதனையும் செய்துகொள்ளாமல் போயிருந்தேன். ஈ.சி.ஜி., டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் எடுத்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்காரி மறுபடி ஷூவை எடுத்துக் கொடுத்தாள். என் வயசுக்காரர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம். ஓடும்போது நெஞ்சிலோ இடது கையிலோ தாடையிலோ வலி வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். மானம் போகாது.

இரண்டாவது முறை அதே ஊருக்குப் போனேன். நிதானமாக ஓடி முடித்தேன். ஆனால் நான் போய்ச் சேர்ந்தபோது பேனரைச் சுருட்டிவிட்டார்கள், பந்தல் பாதி பிரித்தாகிவிட்டது. நேரம் குறிக்க ஆளில்லை. எப்போதோ ஓடி முடித்து மெடலும் வாங்கிவிட்ட ஒரு கல்லூரிப் பையன் எதிரே திரும்பி ஓடி வந்து, "வாங்க தாத்தா, இன்னும் கொஞ்சம்தான்" என்று கடைசி 200 மீட்டர் கூடவே ஓடினான். அவன் செல்போனில்தான் என் நேரம் பதிவானது: 1 மணி 14 நிமிஷம். அவன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் தோற்றதற்காக அல்ல, யாரிடம் தோற்றேன் என்பதே தெரியவில்லையே என்றுதான். அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நெடுந்தூர ஓட்டம் நடத்துகிறது. நல்ல காரியம், நம் இரண்டு மாவட்டத்திலும் நடக்கிறது. 2023-லும் 2024-லும் அறிவித்த விதியைப் பாருங்கள்: 17 முதல் 25 வயது வரை ஒரு பிரிவு, ஆண்களுக்கு 8 கிலோமீட்டர். 25-க்கு மேல் இன்னொரு பிரிவு, ஆண்களுக்கு 10 கிலோமீட்டர். இரண்டிலும் பெண்களுக்கு 5 கிலோமீட்டர். 25-க்கு மேல் என்றால் 26-ம் அதில்தான், 65-ம் அதில்தான். முதலமைச்சர் கோப்பையில் பொதுப்பிரிவு 35 வயதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் உலக மூத்தோர் தடகளமே அந்த 35-ல்தான் ஆரம்பிக்கிறது! 1975-ல் டொரான்டோவில் அதன் முதல் உலகப் போட்டி நடந்தது. ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து ஓடவிடுவார்கள். 65 வயசுக்காரன் 65-லிருந்து 69 வரை உள்ளவர்களோடு மட்டும் மோதினால் போதும். 2022-ல் பின்லாந்தின் தம்பேரேயில் அரியானாவைச் சேர்ந்த பகவானி தேவி 94 வயதில் 100 மீட்டரை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினாரே, அந்த ஏற்பாட்டில்தான். 2025 நவம்பரில் ஆசிய மூத்தோர் போட்டி நம் சென்னையிலேயே நடந்தது.

நம்ம ஊர்ச் சாலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள். வெளிச்சம் வருமுன் அந்தச் சாலைகளில் ஓடாதீர்கள். ஓடினால் வலதுபுறமாக, வண்டி எதிரே வருகிற மாதிரி ஓடுங்கள். ஃபௌஜா சிங் 2011-ல் நூறு வயதில் டொரான்டோ மாரத்தானை ஓடி முடித்தவர். 2025 ஜூலையில் 114 வயதில் அவரை வீழ்த்தியது வயது அல்ல, பஞ்சாபில் சொந்த ஊர்ப் பக்கத்துச் சாலையில் வந்த ஒரு கார். பெரம்பலூர்ப் பக்கம் வேறு மாதிரி ஆபத்து. அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் மக்காச்சோளம் காயும், அதன் மேல் கால் வைத்தால் சறுக்கும். காயவைத்த அம்மாவிடம் திட்டும் கிடைக்கும், எனக்குக் கிடைத்திருக்கிறது.

அதனால் வாரத்தில் இரண்டு நாள் மண் பாதைக்குப் போய்விடுகிறேன். பச்சைமலை அடிவாரம், விசுவக்குடி அணைப் பக்கம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண் தடம். மழை பெய்தால் கரிசல் பக்கம் போகவே கூடாது, காலுக்கு ஒரு கிலோ மண் ஒட்டும். மண் பாதையில் வேகம் பாதியாகும், ஆனால் முட்டிக்கு இதம். மேட்டில் வெட்கப்படாமல் நடக்கலாம், பையன்களும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள். இறக்கத்தில்தான் வயசு தெரியும், கால் சொன்னபடி நிற்காது. சில நாள் சாத்தனூர் கல்மரம் வரை போய்வருவேன். சுமார் 12 கோடி வருஷத்து மரம். அதன் பக்கத்தில் நின்றால்தான் நான் பொடியன் என்ற எண்ணம் வருகிறது.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுக் கூடுகைக்கு முந்தின காலை, ஆறு மணிக்குள் கிளம்புகிற மாதிரி, கல்லூரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று வையுங்கள். மாணவர்கள் ஒரு பிரிவு. 35-லிருந்து பத்து வயதுக்கு ஒரு பிரிவு, 65-க்கு மேல் தனி, பெண்களுக்கு எல்லாப் பிரிவிலும் தனிப் பட்டியல். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர் போதும். ஒரு ஆம்புலன்ஸ், ஒவ்வொரு கிலோமீட்டரிலும் தண்ணீர். நேரம் குறிக்கும் மேஜையைக் கடைசி ஆள் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். அந்தக் கடைசி ஆள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன், அதனால் சுயநலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாலிப நண்பர்கள் சீக்கிரம் ஓடி முடித்துவிடுவீர்கள். முடித்ததும் டிபனுக்குப் போகாமல் ஒரு 200 மீட்டர் திரும்பி எதிரே வாருங்கள். பெயர் கொடுக்க விரும்புவோருக்காகத் தேநீர் இடைவேளையில் ஒரு நோட்டோடு வாசலில் நிற்கிறேன். இப்போதைக்கு அதில் மூன்று பெயர் இருக்கிறது, ஒன்று என்னுடையது.