பிடியரிசியின் சந்தோஷம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு நன்றி ஆராதனையில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மண்டபத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையாக நின்ற நாட்களில் சப்பாத்தின் வெள்ளையும் பின்னலின் நாடாவும்தான் எங்கள் பெரிய கவலைகள். இன்று இதே மண்டபத்தில் கிறிஸ்தவ வாழ்வின் சந்தோஷத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். வைத்தியர்களாகிய எங்களிடம் நோயைப் பற்றிக் கேட்டால் மருந்து சொல்லுவோம். சந்தோஷத்தைப் பற்றிக் கேட்டால், மற்றவர்களிடம் கற்றதைத்தான் சொல்ல முடியும்.

1995 ஒக்டோபர் 30ஐ எங்கள் வயதுக்காரர் மறக்க முடியாது. அந்த இரவு மழையில், வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே தெருவில் நின்றது. நாவற்குழிப் பாலத்தை அடி அடியாகக் கடந்தோம். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் மூவருடைய குடும்பங்களுக்குத் தென்மராட்சியில் ஒரு விதவைத் தாயார் தன் வீட்டைத் திறந்து விட்டார். முன்பின் அறிமுகம் இல்லை. விறாந்தையிலும் மாமரத்தின் கீழும் முப்பது பேர் இருந்தோம்.

அரிசி குறைந்துகொண்டே போயிற்று. ஆனாலும் அந்தத் தாயார் ஒவ்வொரு நாளும் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தகரப் பேணி ஒன்றில் போட்டார். எங்களுக்குப் பொறுக்கவில்லை. "எங்களுக்கே காணாது, இது என்னத்துக்கு அன்ரி?" என்று கேட்டுவிட்டோம்.

"காணாத நாளில எடுத்து வைக்கிறதுதான் பிள்ளையள் பிடியரிசி. மிஞ்சின நாளில எடுத்தா அது மிச்சம்" என்றார். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு. பேணி நிரம்பியதும் தேவாலயத்தில் தங்கியிருந்தவர்களின் கஞ்சிக்கு அது போயிற்று.

பிடியரிசி எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்த வழக்கம். யாழ்ப்பாணத்துத் திருச்சபைப் பெண்களின் கையில் காசு புழங்காத காலத்தில், ஊழியத்துக்கென்று அவர்கள் கொடுக்கக்கூடியதாக இருந்தது குசினி அரிசிதான். சைவ வீடுகளிலிருந்து வந்து எங்களோடு படித்த சகோதரிகளும் இதை அறிவார்கள். அதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பிடியரிசி உலைக்கு முன் எடுக்கப்படுவது. மிகுதிச் சோற்றைக் கொடுப்பதற்கு விசுவாசம் தேவையில்லை. உலைக்கு முன் எடுப்பதற்கு, இன்றைக்கும் ஆண்டவர் எங்களைப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை வேண்டும்.

படித்து வைத்தியரானபின் இதை நாங்கள் மறந்து போனோம். 2022ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். எரிபொருள் இல்லை. இன்று இருந்த மருந்து நாளை இல்லை. துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொன்னோம். கூட வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போனார்கள். போனவர்களில் பிழை காணவில்லை. எங்கள் வீட்டு மேசையிலும் விண்ணப்பப் படிவங்கள் கிடந்தன. ஞாயிறுதோறும் காணிக்கை உறை போட்டோம். ஆனால் கை போடும்போது மனம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெபத்தில் சந்தோஷம் இல்லை.

அந்த நாட்களில் கிளினிக்குக்கு ஒரு ஆச்சி வந்தார். அவருடைய பிரஷர்க் குளிசையும் எங்களிடம் இல்லை. துண்டு கொடுத்தோம். பக்கத்தில் ஒரு இளம் தாய், இழுப்புள்ள பிள்ளையோடு பம்ப் வாங்கக் காசில்லாமல் அழுதுகொண்டு நின்றாள். ஆச்சி சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, மடித்த தாள்களை அப்படியே அவள் கையில் வைத்தார். நாங்கள் தடுத்தோம். "எனக்கு இரண்டு நாளைக்குக் குளிசை கிடக்குது டொக்டர் பிள்ளை. அந்தக் குஞ்சுக்கு இப்பவெல்லே மூச்சு வேணும்" என்றார். சிரித்துக்கொண்டே போனார்.

ஆச்சியின் குளிசையைப் பின்னேரத்துக்குள் தேடிக் கொடுத்தோம். அது பெரிய காரியமில்லை. சம்பளம் வாங்கும் நாங்கள் கசந்துபோய் இருக்க, முடிச்சை அவிழ்த்தவர் சிரித்தாரே, அதுதான் எங்களை நித்திரை கொள்ள விடவில்லை.

அன்றிரவு கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை வாசித்தோம். எருசலேமின் ஏழைகளுக்குப் பவுல் பணம் சேர்க்கிறார். மக்கெதோனியாச் சபையார் துன்பத்திலும் கொடிய வறுமையிலும் இருந்தவர்கள். அவர்களிடம் பவுல் கெஞ்சவில்லை. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள்தான் கெஞ்சினார்கள். அவர்களிடம் நிறைந்திருந்தது சந்தோஷம். முதலில் தங்களையே கர்த்தருக்குக் கொடுத்தார்கள் என்று பவுல் காரணம் சொல்லுகிறார். அந்த நாட்டுப் பிலிப்பி சபைக்குத்தான், சிறையில் இருந்துகொண்டு, சந்தோஷம் நிறைந்த ஒரு நிருபத்தையும் எழுதினார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கொடுத்தால் இரட்டிப்பாய்த் திரும்பி வரும் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. அது வியாபாரம். தென்மராட்சி அன்ரியின் வீடும் பின்னர் போரில் தரைமட்டமாயிற்று. அவருக்கு வந்த பலன், கொடுத்த நாளிலேயே வந்த சந்தோஷம். பெயர்ப்பலகைக்காகக் கொடுப்பதிலும் அது இல்லை. வலது கை செய்வதை இடது கை அறியவேண்டாம் என்பது ஆண்டவரின் போதனை.

அன்றே படிவங்களைக் கிழித்தோம் என்றால் பொய். அவை இன்னும் லாச்சிக்குள் கிடக்கின்றன. ஆனால் சம்பளம் வந்ததும், வேறெந்தச் செலவுக்கும் முன், நோயாளரின் மருந்துக்கென்று ஒரு பிடி எடுத்து வைக்கிறோம். கிளினிக் நாள் காலையில் மனம் முன்போல் கனப்பதில்லை.

கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து இதை வாசிக்கப்போகும் அருமைச் சகோதரிகளே, உங்களிடம் பெருந்தொகை கேட்டு இந்த உரையை முடிக்க மாட்டோம். நாளைக் காலை உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்து வையுங்கள். காசாயிருக்கலாம், தனித்திருக்கும் ஒரு பழைய ஆசிரியைக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்பாயும் இருக்கலாம். மிஞ்சும்வரை காத்திருக்க வேண்டாம்.

நூறு ஆண்டுகள் எங்கள் சங்கத்தை நடத்திய தேவன் உங்கள் வீடுகளை அந்தச் சந்தோஷத்தால் நிரப்புவாராக.