வெயிலுக்கு முன்னாடி வேலை, தாகத்துக்கு முன்னாடி தண்ணி

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில பேசிப் பழக்கம் இல்லை. எங்க வீட்டுல நடந்ததைச் சொல்லிட்டு, ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

நம்ம காவலூர் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல இருக்கு. மலையில வேலை ஓய்ஞ்சதும் பங்குனி, சித்திரையில கூலிக்குக் கீழே இறங்குறோம். மூணு வருசத்துக்கு முன்னாடி நானும் என் நாத்தனாரும் அப்படித்தான் மல்லாட்டை பிடுங்கப் போனோம். மூட்டைக் கணக்குக் கூலி. ரெண்டாம் நாள் பதினோரு மணிக்கே அவ, "அண்ணி, தலை சுத்துது, குமட்டுது"ன்னா. "இன்னும் ரெண்டு பாத்திதான், முடிச்சிட்டு உக்காரலாம்"னு நான் சொன்னேன். கூலி குறையுமேன்னு பயம். கொஞ்ச நேரத்துல சம்பந்தமில்லாம உளறினா, அப்படியே விழுந்துட்டா. உடம்பு நெருப்பா கொதிச்சது. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், தலையோட தண்ணி ஊத்தி, ஈரச்சேலை போத்தி விசிறிக்கிட்டே 108-க்குப் போன் பண்ணோம். ஆறு நாள் ஆஸ்பத்திரியில கிடந்து பிழைச்சா. இன்னிக்கும் அவளால வெயில்ல நிக்க முடியாது. நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை இன்னும் என் மனசை அறுக்குது.

அன்னைக்குக் காலையிலிருந்து அவ ஒரு டம்ளர் தண்ணிகூடக் குடிக்கலை. ஏன்னா ஒதுங்க இடம் இல்லை. இதை நாம யாரும் வெளியே சொல்றதில்லை, ஆனா எல்லாரும் இப்படித்தான் தண்ணியை அடக்குறோம்.

ஆஸ்பத்திரியில நர்சம்மா ஒண்ணு சொன்னாங்க. குளிர்ச்சியான இடத்திலிருந்து வந்த உடம்பு வெயிலுக்குப் பழக ஒண்ணு ரெண்டு வாரம் ஆகுமாம். முதல் சில நாள்தான் பெரிய ஆபத்தாம். மலையிலிருந்து இறங்குற நமக்கு இது ரொம்பப் பொருந்தும்.

தமிழ்நாட்டுல 800 கர்ப்பிணிப் பெண்களை வச்சு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் ஆய்வு செஞ்சிருக்காங்க. கடும் வெப்பத்துல வேலை செஞ்சவங்களுக்குக் கரு கலையறதும், குழந்தை இறந்து பிறக்கிறதும் ரெண்டு மடங்கு அதிகம்னு 2024-ல வெளியிட்டாங்க. அதே வருசம் அக்டோபர்ல நம்ம அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம் உண்டு. ஆனா உசுரு போன பிறகு வர்ற பணம் நமக்கு எதுக்கு?

எங்க குழுவுல இப்ப சில கட்டுப்பாடு வச்சிருக்கோம். வேலைக்கு ஒத்துக்கிறதுக்கு முன்னாடியே எல்லாரும் சேர்ந்து மேஸ்திரிகிட்ட பேசுறோம். காலையில ஆறு மணிக்கு இறங்கி பதினோரு மணிக்கு ஏறிடுவோம். மிச்ச வேலை சாயந்திரம்தான். முதல் மூணு நாலு நாள் பாதி வேலை. ரெண்டு பழைய சேலை எடுத்துட்டுப் போறோம். ஒண்ணு நிழலுக்கு, இன்னொண்ணு ஒதுங்குறதுக்கு மறைப்பு கட்ட. தாகம் எடுக்காட்டாலும் இருபது நிமிசத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. நடுவுல உப்புப் போட்ட கூழோ மோரோ குடிப்போம். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிறோம். தலைவலி, மயக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல்னு சொன்னா உடனே நிழல். உளறினாலோ நினைவு தப்பினாலோ 108 வர்ற வரைக்கும் உடம்பை நனைச்சு விசிறணும். நினைவில்லாதவங்க வாயில தண்ணி ஊத்தக் கூடாது.

என் கோரிக்கை இதுதான். இந்தக் கட்டுப்பாட்டைக் கூட்டமைப்பு தீர்மான நோட்டுல எழுதி எல்லாக் குழுவுக்கும் பொதுவாக்கணும். ஒரு குழு மட்டும் கேட்டா, மேஸ்திரி வேற ஆளைக் கூட்டிட்டுப் போயிடுவார். எல்லாரும் கேட்டா வேற வழியில்லை. உடம்பு முடியாம வேலைக்குப் போகாத நாளுக்கு, வட்டியில்லாம ஒரு சின்ன அவசரக் கடனும் வேணும்.

பக்கத்துல வேலை செய்யறவ தலை சுத்துதுன்னா, "இன்னும் ரெண்டு பாத்தி"ன்னு சொல்லாதீங்க. கையைப் பிடிச்சு நிழலுக்குக் கூட்டிட்டுப் போங்க.