அச்சகத்தை இழந்தும் பணியாத மௌலவி
(இளைஞர் – வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் குறைகளை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை என்று அங்கலாய்க்கிறோம். ஆனால் சந்தா என்றதும் நழுவுகிறோம். ஒரு விளம்பரம் கொடுத்துவிட்டால் ஆசிரியருக்கே கட்டளையிடுகிறோம்!

திருவிதாங்கூரில் வக்கம் அப்துல் காதர் மௌலவி என்ன செய்தார்? 1905-ல் சொந்தப் பணத்தைப் போட்டு 'சுதேசாபிமானி' என்ற மலையாளப் பத்திரிகையைத் தொடங்கினார். 1906-ல் கே. ராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக்கினார். உரிமையாளர் முஸ்லிம், ஆசிரியர் இந்து. ஆசிரியரின் எழுத்தில் மௌலவி தலையிடவில்லை. அதிகாரிகளின் ஊழலையும் திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் பிள்ளை தோலுரித்துக் காட்டினார்.

1910 செப்டம்பர் 26-ல் அரசு அச்சகத்தைப் பறிமுதல் செய்தது. பிள்ளையை நாடு கடத்தியது. அவரைக் கொண்டுவந்து விட்ட இடம் நம் திருநெல்வேலிதான்! ஊர் திரும்பாமலே 1916-ல் கண்ணூரில் அவர் காலமானார்.

மௌலவி பணிந்தாரா? இல்லை. ஆசிரியர் இல்லாத அச்சகம் தமக்கெதற்கு என்று கேட்டதாகக் கேரளத்தில் இன்றும் சொல்வார்கள். 1918-ல் 'அல் இஸ்லாம்' இதழைத் தொடங்கி மீண்டும் களமிறங்கினார். அச்சகம் குடும்பத்தாருக்குத் திரும்பக் கிடைத்ததோ நாடு விடுதலையடைந்த பிறகுதான்.

முதல் போட்டவருக்கு நஷ்டம், மக்களுக்கு லாபம். வணிகப் பெருமக்களே, பத்திரிகைக்குக் கை கொடுங்கள்; ஆசிரியரின் கையைக் கட்டாதீர்கள். இளைஞர்களே, ஆதாரத்தோடு எழுதுங்கள், அஞ்சாமல் எழுதுங்கள். அல்லாஹ் துணை நிற்பானாக! வஸ்ஸலாம்.