பருத்திக் கொல்லையில் பூஞ்சையும் வேப்ப எண்ணெயும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்குப் பேசிப் பழக்கமில்லை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

எனக்கு முக்கால் ஏக்கர் பருத்தி. ஒரு வருஷம் வெள்ளை ஈ அப்பிக்கிச்சு. இலையைத் தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும், அப்புறம் கரி பூசின மாதிரி ஆயிடும். வீட்டுக்காரர் வாரம் தவறாம மருந்து அடிச்சார். பொறிவண்டெல்லாம் செத்துச்சு, ஈ குறையல. ஒரு நாள் வரப்பிலேயே தலை சுத்தி உட்கார்ந்துட்டார், ஒரே வாந்தி. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்த மருந்து வாங்கினது நம்ம குழுக் கடன்லதான். இனி இதுக்குக் கடன் எழுத மாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன்.

அப்புறம் பயிற்சிக்குப் போனப்பதான் பூஞ்சையைப் பத்திச் சொன்னாங்க. வெள்ளை ஈ, அசுவினி, மாவுப்பூச்சிக்கு வெர்டிசிலியம். புழுவுக்கு பிவேரியா. லிட்டருக்கு 5 கிராம் தூள். முதல் தடவை உச்சி வெயில்ல அடிச்சேன், ஒண்ணும் சாகல. ஏமாத்திட்டாங்கன்னு திட்டினேன். தப்பு என்னுது. அது உயிருள்ள விதை மாதிரி. பூச்சி மேல ஒட்டி, ஈரம் கிடைச்சு முளைச்சு, தோலைத் துளைச்சு உள்ளே போகணும். வெயில்ல அதுவே செத்துடும். அதனால பொழுது சாயும்போது, இலைக்கு அடிப்பக்கம் நனையற மாதிரி அடிக்கணும். பலன் தெரிய நாலு நாள், ஒரு வாரம் ஆகும். பூசண நோய் மருந்து அடிச்ச டேங்கைக் கழுவாம இதை ஊத்தினா வீண். பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குங்க.

வேப்ப எண்ணெய் 10 லிட்டருக்கு 300 மில்லி. சோப்பு கரைச்சு நல்லாக் கலக்கணும், இல்லைன்னா இலை கருகும். பூஞ்சையையும் எண்ணெயையும் ஒரே டேங்கில் ஊத்தாதீங்க. எண்ணெய் அதிகமானா பூஞ்சை முளைக்காது. சில நாள் விட்டு மாத்தி மாத்தி அடிங்க. ஒண்ணு மட்டும் ஒளிக்காம சொல்றேன்: காய்க்குள்ளே புகுந்துட்ட புழுவை இது ரெண்டும் எட்டாது.

தெலங்கானாவில் புனுகுலான்னு ஒரு பருத்தி ஊர். 2004-ல் பூச்சி மருந்தே இல்லாத ஊர்னு பஞ்சாயத்து அறிவிச்சுது. அங்க வேப்பங்கொட்டையை வாங்கி அரைச்சுக் கொடுத்தது நம்மள மாதிரி குழுப் பெண்கள்தான்.

நம்ம அடி அண்ணாமலையில் ஆனி, ஆடியில் வேப்பம்பழம் மிதிபட்டே போகுது. பொறுக்கி, சதையைக் கழுவி, நிழல்ல காய வைங்க. மூணு மாசத்துக்கு மேல எட்டு மாசத்துக்குள்ள பருப்பை இடிச்சு, லிட்டருக்கு 50 கிராம் ராத்திரி ஊற வெச்சு வடிகட்டினா அதுவும் மருந்துதான். அரைக்கிற மிஷின் கேட்டு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வரேன். என்கிட்ட காலிச் சாக்கு இருக்கு, வேணும்கிறவங்க சாப்பாடு முடிஞ்சதும் வாங்கிக்கோங்க.