மூச்சின் உச்சவரம்பு

மருத்துவரிடம் போனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை எல்லாம் பார்க்கிறார்கள். உடம்பு முழு பலத்தோடு உழைக்கும்போது நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை; அது ஓட்டக்காரர்களின் கவலை என்று விட்டுவிட்டோம். ஆனால் முன்னணி வீரர்களுக்குள் யார் ஜெயிப்பார் என்பதை இந்த எண் திட்டமாகச் சொல்லாது. 1969இல் மாரத்தானில் உலகின் மிகச் சிறந்த நேரத்தைப் பதித்த ஆஸ்திரேலியர் டெரெக் கிளேட்டனுக்கு அது, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 70 மில்லிலிட்டர்தான். இதைவிடக் கூடுதல் அளவு கொண்ட ஓட்டக்காரர்கள் எத்தனையோ பேர். இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிற சாதாரண மனிதருக்குத்தான் இந்த அளவு அதிகம் தேவை என்பது என் வாதம்.

1923இல் இங்கிலாந்தில் ஏ.வி. ஹில்லும் ஹார்ட்லி லப்டனும், ஓடுபவர் வெளிவிடும் மூச்சைப் பையில் பிடித்து ஆராய்ந்தார்கள். வேகம் கூடக்கூட ஆக்சிஜன் செலவும் கூடியது. ஓர் எல்லைக்குப் பிறகு வேகம் ஏறினாலும் செலவு ஏறவில்லை. அந்த எல்லையை நுரையீரல் வகுக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் ஆரோக்கியமானவர்களில் பெரும்பாலோருக்கு, எவ்வளவு இரைத்தாலும் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அநேகமாக நிறைந்தே இருக்கிறது. இதயம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தத்தை இறைக்கிறது என்பதில்தான் முக்கியமான தடை. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், 20 வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்தார்கள். அவர்களது உச்ச ஆக்சிஜன் அளவு கால்பங்குக்கும் மேல் சரிந்தது. இதயத்துடிப்பின் உச்சம் குறையவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம்தான் குறைந்திருந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முப்பதாண்டு முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரம் பறித்ததே அதிகம் என்று தெரிந்தது. அதன் பிறகு ஆறு மாதப் பயிற்சியில், முதுமையால் இழந்ததை அவர்கள் மீட்டுவிட்டார்கள். உட்கார்ந்தே பொழுது கழிக்கும் நாம் யோசிக்க வேண்டிய செய்தி இது.

எல்லாம் பிறவியிலேயே அமைந்தது, அளந்து என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். பயிற்சிக்கு உடம்பு ஆளுக்கு ஆள் வேறுவிதமாக இணங்குகிறது, அதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு, உண்மைதான். ரத்த அழுத்தத்திலும் பரம்பரை உண்டு. அதற்காக அளக்காமல் விடுகிறோமா? முகமூடியும் ஆய்வகமும் வேண்டுமே என்பது அடுத்த தடை. கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டச் சோதனைக்கு ஒரு மைதானமும் கடிகாரமும் போதும். கிடைப்பது தோராயமான மதிப்பீடுதான். ஒருவரோடு ஒருவரை ஒப்பிட அது அவ்வளவாக உதவாது. ஒரே ஆள் சில மாதங்களுக்கு ஒருமுறை செய்து பார்த்தால், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது புலப்படும். இதய நோய் உள்ளவர்கள் மட்டும் இதைத் தாமாகச் செய்யக் கூடாது.

அவர்களுக்குத்தான் மருத்துவமனையில் டிரெட்மில் சோதனை இருக்கிறது. அந்த அறிக்கையில் ‘மெட்’ என்றொரு எண் இருக்கும். ஒரு மெட் என்பது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன். இப்படிச் சோதிக்கப்பட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2002இல் வெளிவந்தது; ஒரு மெட் கூடினால் உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பு 12 சதவீதம் மேம்படுவதாக அது கண்டது. அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எத்தனை மெட் வரை போனேன், என் வயதுக்கு அது போதுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.